ஒன்றரை வட்டிக்கு வாங்கி கல்விக் கடனை அடைக்கப் பார்த்த ஒரு தறிக் குடும்பம்

வெள்ளகோவில் பக்கம் ஒரு விசைத்தறிக் குடும்பத்தின் கல்விக் கடன் கணக்கு இது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், கல்லூரி, வங்கி, ஆட்கள் பெயர் எதுவும் வராது, பையனைத் தம்பி என்றே சொல்கிறேன். நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் இந்த மாதிரி பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். அதில் இதை மட்டும் விரிவாக எழுதக் காரணம், இந்த வீட்டில் அப்போது இருந்த கடன்களிலேயே வட்டி குறைவானது கல்விக் கடன்தான், ஆனால் அவர்கள் தூக்கம் கெட்டதும் கூச்சப்பட்டதும், எதை விற்றாவது யாரிடம் வாங்கியாவது நாளைக்கே முடித்துவிட வேண்டும் என்று துடித்ததும் அந்த ஒரு கடனுக்குத்தான். ரெண்டு வட்டிக் கைமாற்று பக்கத்திலேயே இருந்தது, அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. நம் பக்கம் பல வீடுகளில் இதே நிலைமைதான்.

அப்பாவுக்கு ஆறு தறி. சொந்தமாக நூல் வாங்கி ஓட்டுகிறவர் இல்லை, பாவும் ஊடையும் ஒருவர் கொடுப்பார், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்து கொடுக்க வேண்டியதுதான். அம்மா தார் (ஊடை நூல் குழல்) சுற்றுவார், ஆள் வராத அன்றைக்குத் தறியும் ஓட்டுவார். தம்பி 2019-ல் கவுன்சிலிங் மூலம் கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் பிஇ சேர்ந்தான். வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை கிடைத்தது. மீதிக் கட்டணம், விடுதி, மெஸ், புத்தகம், லேப்டாப் எல்லாவற்றுக்கும் கடன். கல்விக் கடனில் 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானமும் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம், கைக்காசும் போட வேண்டாம். பெற்றோர் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். அப்பா போட்டார். மகனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம் என்று நினைத்துத்தான் போட்டிருக்கிறார், அதே கடனுக்குத் தானும் முழுப் பொறுப்பு என்பது அவருக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் வருடம் 1,10,000. இரண்டாவது வருடம் கொரோனா, ஆன்லைன் வகுப்பு, விடுதி இல்லை, அதனால் 60,000 மட்டும். மூன்றாவது, நான்காவது வருடங்கள் மறுபடி 1,10,000. மொத்தம் 3,90,000 ரூபாய். ஒவ்வொரு ஆகஸ்டிலும் பணம் கல்லூரிக்குப் போனது. வட்டி ஏறி இறங்கியிருக்கிறது, கணக்கு புரிவதற்காக 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்கிறேன், பெரிதாக வித்தியாசம் வராது.

படிக்கிற காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. மாரட்டோரியம் என்பார்கள். இந்தக் காலத்தில் வட்டி இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற குடும்பங்கள் எத்தனையோ. வங்கி அப்போது வட்டியைக் கேட்பதில்லை, அவ்வளவுதான், வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், தனி வட்டியாக, சத்தமில்லாமல். தம்பி 2023 மே மாதம் படிப்பை முடித்தான், 2024 மே வரைக்கும் மாரட்டோரியம். அன்றைய தேதிக்கு ஏறியிருந்த வட்டி 1,27,500. அசலோடு சேர்ந்து 5,17,500 ஆகிவிட்டது. இந்த மொத்தத்துக்குத்தான் தவணை போடுவார்கள், அதற்கப்புறம் வட்டிக்கும் வட்டி.

முதல் வருடம் மாத வட்டி வெறும் 917 ரூபாய். அதை அப்போதே மாதாமாதம் கட்டியிருக்கலாம், அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கிற வழக்கமும் உண்டு. கிளையில் யாரும் சொல்லவில்லை. ஒரு வாரத் தறிக்கூலியில் ஒரு சின்னத் துண்டுதான் அந்தத் தொகை.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று. 2009-லிருந்து மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியோ பாடமோ உரிய அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், மாரட்டோரியம் முடியும் வரைக்குமான வட்டி முழுவதையும் அரசே வங்கிக்குக் கொடுத்துவிடும். இந்தக் குடும்பத்தின் வருமானம் அந்த வரம்புக்குக் கிட்டத்தில்கூட வராது. ஆனால் பாஸ் புத்தகத்தில், ஸ்டேட்மென்ட்டில், எங்கேயும் மானிய வரவு இல்லை. ஏனென்று கேட்டால் கடன் கோப்பில் தாசில்தார் வருமானச் சான்றிதழ் இல்லையாம். முதல் பட்டதாரிச் சலுகைக்காகக் கல்லூரியில் சான்றிதழ்கள் கொடுத்தபோது வங்கிக்கும் சேர்த்துத்தான் என்று இவர்கள் நினைத்துவிட்டார்கள். வங்கி கேட்கவும் இல்லை, இவர்கள் கொடுக்கவும் இல்லை. மானியக் கோரிக்கையை வங்கிதான் போர்ட்டலில் ஏற்ற வேண்டும், அதற்கென்று காலம் உண்டு, முடிந்துபோன வருடங்களுக்குப் பின்னால் போய்க் கேட்பது பெரும்பாடு. 1,27,500 ரூபாய் ஒரு காகிதத்தில் போனது. மானியம் வந்திருந்தால் 3,90,000-க்கு மட்டும்தான் தவணை, 15 வருடத்துக்குப் போட்டால் மாதம் 4,200 ரூபாய்கூட வராது.

சரி, வேலைக்கு வருவோம்.

தம்பிக்கு நான்காவது வருடம் கேம்பஸில் ஒரு ஐடி கம்பெனி ஆஃபர் லெட்டர் கொடுத்தது. வீட்டில் கிடா வெட்டாத குறை. ஊருக்கே தெரியும், பையன் மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறான் என்று. 2023-ல் முடித்தவர்களுக்கு என்ன நடந்தது என்பது பல பேருக்கு நினைவிருக்கும், சேர்கிற தேதி தள்ளிப் போனது, அப்புறம் இன்னொரு மெயில், இன்னொரு தேர்வு எழுதச் சொல்லி ஒரு மெயில். இவன் வீட்டிலேயே காத்திருந்தான். வேறு வேலைக்கு முயற்சி செய்யவில்லை, ஆஃபர்தான் கையில் இருக்கிறதே. 2024 பிப்ரவரியில் வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறோம் என்று ஒரு மெயில் வந்து கதை முடிந்தது. கடனில் கேள்வி கேட்காமல் கொடுத்திருந்த ஒரு வருடத்தில் பாதிக்கு மேல் இந்தக் காத்திருப்பில் போய்விட்டது, இருந்த மூன்று மாதத்தில் வேலை தேடித் தவணை கட்ட ஆரம்பிக்க வேண்டும்.

அதிலும் நேராகத் தேடவில்லை. காந்திபுரத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ், படித்தால் வேலை உறுதி என்று போர்டு போட்ட இடம் ஒன்றில் 35,000 ரூபாய் கட்டினார்கள். அந்த 35,000 ரெண்டு வட்டிக்கு வாங்கியது. சரவணம்பட்டி, டைடல் பார்க், எங்கே இன்டர்வியூ போனாலும் அனுபவம் கேட்டார்கள். சிட்கோவில் ஒரு மோட்டார் கம்பெனியில் தர சோதனைப் பிரிவுக்கு 12,000 ரூபாய்க்குக் கூப்பிட்டார்கள், கோவையில் ரூம் எடுத்துத் தங்கிச் சாப்பிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று போகவில்லை. அது நியாயமான கணக்குதான். நம் பக்கம் வேலை இல்லை என்று சொல்ல முடியாது, பனியன் கம்பெனி, ஃபவுண்டரி, பெருந்துறை சிப்காட், எங்கும் ஆள் தேவை போர்டு தொங்கும். பிஇ படித்ததற்காக ஐடிஐ முடித்தவனைவிடக் கூடக் கொடுக்கிற வேலைதான் குறைவு.

தம்பியின் தாய்மாமா, விஷயம் தெரிந்த மனிதர் என்று குடும்பத்தில் பெயர் எடுத்தவர், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து உதவித்தொகை வாங்கச் சொன்னார். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால்தான் கிடைக்கும். அதிலும் பொறியியல், மருத்துவம், சட்டம் மாதிரி தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இல்லவே இல்லை. இது தெரியாமல் அதற்கு ஒரு நாள் அலைந்தார்கள்.

2024 ஜூனில் முதல் தவணை. கிளையில் ஏழு வருடத்துக்குப் போட்டுவிட்டார்கள், மாதம் 8,591 ரூபாய். 15 வருடம் வரைக்கும் நீட்டிக்க வழி இருக்கும்போது ஏன் ஏழு என்று யாரும் கேட்கவில்லை, கேட்கலாம் என்பதே தெரியாது. ஜூன் கட்டவில்லை. ஜூலை கட்டவில்லை. வங்கியிலிருந்து போன் வந்தால் தம்பி எடுப்பதில்லை, புது எண்ணில் வந்தால் கட் செய்துவிடுவான். ஆகஸ்டில் யாருக்கும் சொல்லாமல் போனில் ஒரு கடன் ஆப்பை இறக்கி 6,000 ரூபாய் கேட்டிருக்கிறான், கழித்துக்கொண்டு கைக்கு வந்தது 4,000 சொச்சம், ஏழே நாளில் 6,000 திருப்பிக் கட்ட வேண்டும். அதையும் தவணைக்குக் கட்டவில்லை, பழைய கைமாற்று வட்டிக்குப் போயிற்று. காண்டாக்ட் லிஸ்டில் இருந்த சொந்தக்காரர்களுக்கு மெசேஜ் போகும் என்று ஆப்காரன் மிரட்டியபோது தம்பியின் அக்காதான் பணம் போட்டு முடித்தாள். இந்த மாதிரி மிரட்டல் வந்தால் பணம் போடுவதற்கு முன்னால் 1930-க்குப் போன் செய்து சைபர் கிரைமில் புகார் கொடுக்க வேண்டும். அவள் அதெல்லாம் செய்கிற மனநிலையில் இல்லை.

தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். செப்டம்பரில் அதுவும் ஆயிற்று. சரியாக அந்த நேரத்தில் அப்பா ரெண்டு பழைய தறியைக் கொடுத்துவிட்டு நல்லதாகப் போட வேறொரு வங்கியில் கடன் கேட்டிருந்தார். சிபில், அதாவது கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டுகிற அறிக்கையைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முப்பது வருடமாகத் தறி ஓட்டுகிறவர், ஒரு ரூபாய் யாருக்கும் பாக்கி வைத்தது இல்லை, அவருக்கு அது புரியவே இல்லை. கூட்டுக் கடனாளி என்றால் மகன் தவறினால் அப்பாவின் பெயரிலும் அதே கறை விழும். அன்றைக்குத்தான் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தார்கள்.

அடுத்து வசூல் ஆள். சாயங்காலம் இருட்டின பிறகு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்து வீடுகளுக்குக் கேட்கிற மாதிரி பேசியிருக்கிறார். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன்கூடச் செய்யக் கூடாது, ஊர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, 2022-ல் மறுபடி தெளிவாகச் சொன்னது. வந்தவரின் பெயர், அடையாள அட்டை, வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம் கேட்டு எழுதி வைத்திருக்கலாம். வீட்டில் இருந்தவர்கள் காபி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நம்ம ஊர்ப் பழக்கம்.

அந்த ராத்திரிதான் மாமா யோசனை சொன்னார். காங்கயத்தில் தெரிந்த பைனான்ஸ்காரர், ஒன்றரை வட்டிக்குக் கொடுப்பார், மொத்தமாக வாங்கி வங்கியில் வீசிவிட்டு வரலாம், பேப்பரை வாங்கி வந்துவிட்டால் நிம்மதி. வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே. அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார். பத்திரம் எடுத்துக்கொண்டு போகிற வழியில், வங்கியில் முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும், எப்படிக் கடிதம் வாங்குவது என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று யாரும் கேட்டு வரவில்லை.

நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நவம்பர் கணக்குப்படி வங்கிக்குப் பாக்கி சுமாராக 5,44,000. ஒன்றரை வட்டிக்கு 5,40,000 வாங்கினால் மாதம் 8,100 ரூபாய். அது வட்டி மட்டும். பத்து வருடம் கட்டினாலும் அசல் 5,40,000 அப்படியே நிற்கும். வங்கியில் 15 வருடத்துக்கு மாற்றினால் மாதம் 5,850 பக்கம், அசலும் சேர்ந்து கரையும், கடைசித் தவணையோடு கடன் முடியும். இங்கே அடமானம் கிடையாது, வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கும். அங்கே வீடு போகும்.

அப்பா தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது. "கணக்குப் புரியுதுங்க சார். ஆனா பேங்க்காரன் வாசல்ல வந்து நின்னா ஊர்ல மூஞ்சி காட்ட முடியிலீங்க. பைனான்ஸ்காரரு நம்ம ஆளுங்க, நாலு பேருக்குத் தெரியாம முடிஞ்சுருமுங்க." மாமாவும் ஆமாம் என்று தலையாட்டினார். அதற்கு என்னிடம் பதில் கணக்கில் இல்லை. அந்தப் பைனான்ஸ்காரருக்கு ஆறு மாதம் வட்டி நின்றால் அவர் எப்படிக் கேட்பார் என்று மட்டும் மாமாவிடம் கேட்டேன். மாமா பேசவில்லை, கூட வந்திருந்த அம்மாதான், "அண்ணா, பத்திரத்த எடுத்துட்டுப் போயி வீட்டுல வைங்க" என்றார். அதுவரைக்கும் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒன்றரை வட்டி என்று சொல்கிறபோது அது வருடத்துக்கு 18 சதவீதம் என்று யாரும் சொல்வதில்லை, ரெண்டு வட்டி என்றால் 24. வங்கி 10 சதவீதம் என்று அச்சடித்துக் கொடுக்கிறது. ஒன்றரையும் பத்தும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றரை சின்னதாகத்தானே தெரியும்! படித்த பையன்களே இதில் ஏமாறுகிறார்கள்.

பயத்தில் பாதி, நடக்காத விஷயங்களைப் பற்றியது. போலீஸ் வருமா என்று அம்மா கேட்டார். கடன் கட்ட முடியாதது குற்ற வழக்கு இல்லை, சிவில் விவகாரம், அதற்காகக் கைது செய்ய மாட்டார்கள். வீட்டை ஜப்தி செய்வார்களா? அடமானமே வைக்காத கடனுக்கு வங்கி நேராக வந்து வீட்டைப் பூட்ட முடியாது, நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வாங்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்னால் லோக் அதாலத் நோட்டீஸ்தான் வரும். அதைப் பார்த்துத் தம்பி பயந்துபோய்க் கிழித்துப் போட்டிருக்கிறான். லோக் அதாலத் பேசி முடிக்கிற இடம், அங்கே உட்கார்ந்து தவணை கேட்கலாம், வட்டியில் குறைக்கக் கேட்கலாம், ஒத்துவராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மட்டும் அதுதான் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது.

மொத்தமாக ஒரு குறைந்த தொகை கட்டி முடிப்பதைப் பற்றியும் கேட்டார்கள். அதில் சிபில் அறிக்கையில் முழுதாகக் கட்டி முடித்தது என்று வராது, செட்டில் செய்தது என்று வரும், இன்னொரு கடன் கேட்கும்போது அது இடிக்கும். கையில் வேறு வழியே இல்லாதவர்கள் எடுக்கட்டும். இருபத்து மூன்று வயதுப் பையனுக்கும், தறிக்கடன் கேட்கிற அப்பாவுக்கும் சேர்த்து அந்த முத்திரை தேவையில்லை என்று நான் நினைத்தேன்.

அப்புறம் தள்ளுபடி. மாமாவின் இரண்டாவது யோசனை இது, கட்டாமல் இருந்தால் தேர்தல் வரும்போது தள்ளுபடி வரும். அவர் சொல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடன் தள்ளுபடி ஆனது, அதே வருடம் ஐந்து பவுனுக்குள்ளான நகைக்கடன் தள்ளுபடியும் அறிவித்தார்கள், மாமா வீட்டிலேயே பலன் பெற்றார்கள். ஆனால் அந்த ரெண்டும் கூட்டுறவுச் சங்கத்துக் கடன்கள், மாநில அரசு பணம் கொடுத்து முடிக்கலாம். கல்விக் கடன் பெரும்பாலும் தேசிய வங்கிகளில் இருக்கிறது. யார் வாக்குறுதி கொடுத்தாலும் அந்தப் பணத்தை யாராவது வங்கிக்குக் கட்டியாக வேண்டும். கிடைத்தால் சந்தோஷம், அதை நம்பி வருடக்கணக்கில் வட்டியை ஓட விடுகிறவர்களைத் தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வங்கிக்குப் போனது இப்படி. முதலில் 2019-லிருந்து முழு ஸ்டேட்மென்ட், கடன் அனுமதிக் கடிதத்தின் நகல். அனுமதிக் கடிதத்தை இவர்கள் வாங்கியதும் பீரோவில் வைத்ததோடு சரி, படித்ததே இல்லை. அபராதம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தோம். 2024-லிருந்து அபராதத்தை வட்டி விகிதத்தோடு கூட்டிப் போடக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் காட்ட வேண்டும், அதன் மேல் வட்டி ஏற்றக் கூடாது. இங்கே அப்படித்தான் காட்டியிருந்தார்கள், சண்டை போட ஒன்றும் இல்லை.

அடுத்து கடிதம். வாயால் சொல்வது எதுவும் வங்கியில் நிற்காது, மேனேஜர் மாறினால் கதை புதிதாக ஆரம்பிக்கும். தம்பியே கைப்பட எழுதினான், அப்பாவும் கையெழுத்துப் போட்டார். ஆஃபர் வந்ததும் ரத்தானதும், அந்த மெயில்களின் பிரின்ட், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை நகல், தாசில்தாரிடம் புதிதாக வாங்கிய வருமானச் சான்று எல்லாம் இணைத்து, தவணைக் காலத்தை அதிகபட்சத்துக்கு நீட்டிக்க வேண்டும், வட்டி மானியக் கோரிக்கையை மேல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், இருட்டிய பிறகு ஆள் அனுப்பக் கூடாது என்று மூன்று விஷயம். ஒரு நகலில் சீல் போட்டு வாங்கினோம். சீல் போட மாட்டேன் என்றார்கள், காத்திருந்து வாங்கினோம். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் கொடுக்கலாம், அதற்கு இந்தச் சீல் போட்ட நகல்தான் ஆதாரம்.

வேலையில்லாத காலத்துக்குத் தவணையைக் கொஞ்ச மாதம் தள்ளி வைக்கவும் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடம் இருக்கிறது, கடன் காலத்தில் ரெண்டு மூன்று தடவை வரைக்கும். கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்த வங்கியின் முடிவு. இதை 2024 மார்ச்சில், ஆஃபர் ரத்தான கையோடு, முதல் தவணைக்கு முன்னாலேயே கேட்டிருந்தால் கிடைக்க வாய்ப்பு நிறைய இருந்தது. வாராக்கடன் ஆன பிறகு கேட்டபோது மேனேஜர் அதைப் பேசவே தயாராக இல்லை. நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் தயங்கியிருப்பேன்.

வாராக்கடனிலிருந்து கணக்கை வெளியே கொண்டுவர ஒரே வழி, பாக்கித் தவணைகளை முழுதாகக் கட்டுவது. முன்பெல்லாம் கொஞ்சம் வட்டியைக் கட்டினால் சில கிளைகளில் ஒப்பேற்றிவிடுவார்கள், 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதை அடைத்துவிட்டது, அசலும் வட்டியும் பாக்கி முழுதும் வந்தால்தான் கணக்கு நல்ல கணக்காகும். ஆறு தவணை, 51,500 ரூபாய் சொச்சம், அபராதம் சேர்த்து 53,000. அம்மாவின் ரெண்டு பவுன் சங்கிலியை வங்கியிலேயே அடமானம் வைத்து அந்தத் தொகையை மட்டும் எடுத்தோம். நகைக்கடன் வட்டி ஒன்பது சதவீதத்துக்குப் பக்கம். நகையை வைத்துப் பாக்கியைக் கட்டுவதும், வீட்டை எழுதிக் கொடுத்து முழுக் கடனை அடைப்பதும் ஒன்றா என்று மாமா கேட்டார். ஒன்று 53,000, நாம் திருப்பக்கூடிய தொகை. இன்னொன்று திருப்பவே முடியாதது.

நீட்டிப்புக்கு மண்டல அலுவலகம் வரைக்கும் கோப்பு போய்வந்தது. ஒரு முறை குறைதீர்ப்பாளர் பெயரை எடுக்க வேண்டியிருந்தது, அதற்கப்புறம் வேகம் பிடித்தது. புதுத் தவணை 5,371 ரூபாய்.

இதற்கிடையில் வேலை. பல்லடம், சோமனூர், வெள்ளகோவில் பக்கமெல்லாம் ஆட்டோலூம் என்கிற தானியங்கித் தறி நிறைய வந்துவிட்டது. அதில் எலக்ட்ரானிக் கார்டு ஒன்று போனால் தறி நிற்கும், புதுக் கார்டு விலை தலை சுற்றும், சரி செய்கிறவர்கள் குறைவு. பல்லடத்தில் அப்படிக் கார்டு சர்வீஸ் செய்கிற ஒருவரிடம் அப்பாவுக்குப் பழக்கம். தம்பி முதலில் மாட்டேன் என்றான். பிஇ படித்துவிட்டு ஸ்பேனரும் சால்டரிங் அயர்னும் பிடிக்கவா என்று அவனுக்கு, படிக்க வைத்ததே தறிச் சத்தத்தை விட்டு வெளியே போகத்தானே என்று அப்பாவுக்கும். அந்த வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. போகச் சொல்லி நான் வற்புறுத்தவும் இல்லை. ஆறு மாதம் போய்ப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை இன்டர்வியூவுக்குப் படிக்கிறேன் என்று அவனாகத்தான் போனான். மாதம் 14,000, பெட்ரோல் தனி, சாப்பாடும் படுக்கையும் வீட்டில். கோவையில் 12,000-க்கும் வீட்டிலிருந்து 14,000-க்கும் உள்ள தூரம் ரெண்டாயிரம் என்று நினைத்தால் தவறு, ரூம் வாடகையையும் மெஸ்ஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரெண்டு வட்டிக் கைமாற்றைத்தான் முதலில் அடைத்தான். அதன் பிறகு நகை. கல்விக் கடனுக்கு மாதம் 5,371 மட்டும் தவறாமல், ஒரு ரூபாய்கூட அதிகம் இல்லாமல். இந்த வரிசையை அப்பாவுக்குப் புரியவைக்கத்தான் அதிக நேரம் ஆனது, வங்கிக் கடனைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது சம்பளம் 17,500, கம்ப்யூட்டர் கம்பெனிக்கு முயற்சி செய்வதை விட்டுவிட்டானா என்று நான் கேட்கவில்லை. 2026 ஜனவரியில் சங்கிலி வீட்டுக்கு வந்துவிட்டது. மானியக் கோரிக்கைக்கு மேல் அலுவலகத்தில் பரிசீலனையில் உள்ளது என்ற பதில்தான் இன்னும், அதை நம்பி எந்தக் கணக்கும் போடவில்லை. இந்தக் கல்விக் கடன் மாதிரி ஏற்ற இறக்க வட்டியில் தனி ஆள் வாங்கிய கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. கல்விக் கடனில் மீதி சுமார் 4,75,000. 5,371 கட்டிக்கொண்டே போனால் இன்னும் பதின்மூன்று வருடத்துக்கு மேல். நகைக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தையும் சேர்த்து மாதம் 7,500 கட்டினால் ஏழரை வருடம். பிப்ரவரியிலிருந்து 7,500 என்று தம்பி முடிவு செய்திருக்கிறான், கூடுதல் தொகை அசலில் வரவாகிறதா என்று மாதாமாதம் ஸ்டேட்மென்ட்டில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.